மருதமரம் தெரியாவிட்டால்

பொங்கல் முடிந்து இரண்டாம் நாள் விடியப்புறம் நானும் அக்காவின் மகனும் முத்தையன்கட்டுக் குளக்கட்டில் நின்றோம். கால் வைத்த இடத்துக் கிறவல் மட்டும் தெரிந்தது. இடப்பக்கம் கல்லில் தண்ணீர் மெல்லத் தட்டும் சத்தம் வந்தபடியால் அது குளம். வலப்பக்கம் கதிர் முற்றிய நெல்லின் மணம் வந்தபடியால் அது வயல். கண்ணுக்கு இரண்டும் ஒரே வெள்ளை.

“இருநூறு மீற்றரும் வராது மாமா” என்றான் அவன். கனடாவில் பயணிகள் விமானம் ஓட்டுகிறவன். பல வருசங்களுக்குப் பிறகு ஒட்டுசுட்டானுக்கு வந்திருக்கிறான். புகாரை, அதுதான் இந்த மூடுபனியை, மீற்றரில் அளந்துதான் அவனுக்குப் பழக்கம். நாங்கள் மரத்தில் அளந்தோம்.

எங்கள் வயல் துருசுக்கு அங்காலே வாய்க்கால் ஓரம் கிடந்தது. காலபோக நெல் முற்றும் மார்கழி, தை மாதங்களில்தான் காட்டுக்கரையில் நிற்கும் யானை வரம்பைத் தாண்டும். புகார் இறங்குவதும் அதே மாதங்களில்தான். ஐயா விடியக் காவலுக்குப் போகும்போது கட்டின் தலைப்பில் சைக்கிளை நிறுத்துவார். துருசடியில் ஒரு பெரிய மருதமரம் நின்றது. அது தெரிந்தால் போவார். தெரியாவிட்டால் சைக்கிளைத் திருப்பிவிடுவார். கொஞ்சம் தெரிகிறது, கிளை மாதிரி ஏதோ தெரிகிறது என்ற பேச்செல்லாம் அவரிடம் எடுபடாது.

ஒரு நாள் நானும் கூடப் போயிருந்தேன். எனக்குப் பன்னிரண்டு வயதிருக்கும். மரம் தெரியவில்லை. ஆனால் எங்கள் வயல் பக்கமிருந்து சத்தம் கேட்டது. நெல்லைக் கொத்தாகப் பிடுங்கி, வேரிலுள்ள சேறு போகக் காலில் தட்டும் சத்தம். எங்கள் நெல். அந்தப் போகத்துக்காக அம்மாவின் காப்பு அடகில் இருந்தது. ஐயா அந்தச் சத்தத்தைக் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டு நின்றார். பிறகு ஒன்றும் பேசாமல் சைக்கிளைத் திருப்பினார். வெடி கொளுத்திப் போட்டுக்கொண்டே ஓடியிருக்கலாம், கூக்காட்டியிருக்கலாம் என்று வழியெல்லாம் எனக்குக் கோபம். பயந்த மனுசன் என்று நினைத்தேன். அந்த நினைப்பு என்னிடம் பல வருசம் இருந்தது.

இந்தக் கதையை மருமகனுக்குச் சொன்னேன். அவன் கட்டிலே குந்தியிருந்து கேட்டான். “நாங்களும் இதைத்தான் செய்யிறம் மாமா. எங்களிட்டை மரம் இல்லை, உயரம் இருக்கு” என்றான்.

அந்த உயரத்துக்குத் தீர்மான உயரம் என்று பெயர். சாதாரணக் கருவி வழித் தரையிறக்கத்தில் அது 200 அடி. அந்த உயரம் வந்ததும் விமானத்தின் குரலே அதை அறிவிக்கும். அந்தக் கணத்தில் ஓடுபாதை விளக்குகளில் ஏதாவது கண்ணில் பட்டிருக்க வேண்டும். படவில்லையென்றால் விசையைக் கூட்டி மேலே போய்விட வேண்டும். இன்னும் பத்தடி இறங்கிப் பார்ப்போம் என்ற யோசனைக்கு அங்கே இடமில்லை. 200 அடியிலிருந்து சக்கரம் தரையைத் தொட ஏறக்குறைய 17 செக்கன். யோசிக்கிற வேலையை எல்லாம் அதற்கு முன்பே, வெளிச்சத்தில், மேசையில் இருந்து முடித்திருக்க வேண்டும். ஐயாவின் மரமும் அப்படித்தான். புகாருக்குள் நின்று எடுத்த முடிவல்ல அது. புகார் இல்லாத ஒரு பகலில் அவர் தனக்குத்தானே கொடுத்துக்கொண்ட வாக்கு.

அண்ணாந்து பார்த்தேன். தலைக்கு நேரே வானம் வெளித்திருந்தது. ஒரு வெள்ளிகூடத் தெரிந்தது. புகார் படுக்கையாகக் கிடக்கும், ஆளுயரம் இரண்டாளுயரம்தான். மேலே பார்த்தால் வெள்ளி தெரியும், பக்கவாட்டில் மரம் தெரியாது. இதைச் சொன்னதும் அவன் எழும்பிவிட்டான். விமானிகளை ஏமாற்றுவது இதுதானாம். மேலேயிருந்து செங்குத்தாகப் பார்க்கும்போது மெல்லிய புகாருக்கூடாக ஓடுபாதை விளக்கு முழுக்கத் தெரியும். தெரிகிறதே என்ற நம்பிக்கையோடு இறங்கி, அந்தப் படுக்கைக்குள் நுழைந்து சரிவாகப் பார்க்க, எல்லாம் மறைந்துபோகும். தரைக்கு மிகக் கிட்டத்தில், கையில் நேரமே இல்லாத இடத்தில் கண் கைவிடும்.

புகார் வருவதற்கு முதல் நாள் இரவு பெரும்பாலும் தெளிந்த இரவாக இருக்கும். மாரி மழையில் ஊறிய நிலம், முகில் இல்லாத வானம், அசையாத காற்று. நிலம் தன் சூட்டை மேலே விட்டுவிட்டுக் குளிரும். அதையொட்டிய காற்றும் குளிர்ந்து, அதிலுள்ள ஈரம் பொடித்துளியாகி அந்தரத்தில் நிற்கும். பார்வைத் தூரம் ஆயிரம் மீற்றருக்குக் கீழே போனால் வானிலைக்காரர் அதை மூடுபனி என்று எழுதுவார்கள்.

தெளிந்த வானம் என்று எழுதும்போது என் கை கொஞ்சம் தயங்குகிறது. வன்னியில் என் வயதுக்காரர் யாருக்கும் அது வெறும் வானிலைச் சொல் அல்ல. போர்க்காலத்தில் எங்கள் பிள்ளைகள் ‘அ’ எழுதப் படிக்கும் முன்பே வானத்துச் சத்தங்களைப் பிரிக்கப் படித்தார்கள். பொம்மர் வேறு, சகடை வேறு, ஹெலி வேறு. 1996க்குப் பிறகு கிபிர். சத்தம் காதுக்கு வரும்போது அது தலைக்கு மேலே வந்திருக்கும். பிற்காலத்தில் வண்டு. ஆள் இல்லாத அந்தச் சின்ன விமானம் நாள் முழுக்க இரைந்துகொண்டு வட்டமடிக்கும். அது போனபின் என்ன வரும் என்பது எல்லாருக்கும் தெரியும். ஒரு செக்கனுக்குள் சத்தம் எந்தப் பக்கம் கூடுகிறது, எந்தப் பக்கம் குறைகிறது என்று காதால் பிடித்து, பங்கருக்குள் குதிப்பதா நிலத்தோடு படுப்பதா என்று முடிவெடுக்க வேண்டும்.

அந்த நாட்களில் விடியப்புறத்துப் புகார் எங்களுக்கு ஒரு போர்வை. புகார் கலையும்வரை அடுப்பு மூட்டலாம், கிணற்றடியில் குளிக்கலாம், பிள்ளையைக் கடைக்கு அனுப்பலாம். வெயில் ஏறினால்தான் பயம். கிபிர் முகிலுக்கு மேலே இரைந்துவிட்டுத் திரும்பிப் போன நாட்களும் உண்டு. ஷெல்லுக்குப் புகாரென்றும் வெயிலென்றும் இல்லை, அது வேறு கதை. ஆனாலும் வானத்திலிருந்து வருவதற்கு எங்களைப் பார்க்க வேண்டியிருந்தது. எல்லாம் துலக்கமாகத் தெரிந்த நாட்களில்தான் எங்கள் கூரைகள் விழுந்தன. 1998 செப்டெம்பர் 29 அன்று பலாலியிலிருந்து இரத்மலானைக்குப் புறப்பட்ட பயணிகள் விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டு, 55 பேருடன் மன்னார்க் கடலில் மறைந்ததையும் இங்கே சொல்லாமல் விட என்னால் முடியாது. அதில் போனவர்களிலும் எங்கள் சனம் இருந்தது. பார்வை தெளிவாக இருந்தால் உயிர் தப்பும் என்று நம்ப எங்கள் மண்ணில் காரணம் அதிகமில்லை.

ஆகவேதான், கண்ணை மூடிக்கொண்டு இருநூறு முன்னூறு பேரைத் தரைக்குக் கொண்டுவரும் இந்த வித்தை என்னை இப்படிப் பிடித்து வைத்திருக்கிறது. மருமகனிடம் சின்னப் பிள்ளை மாதிரிக் கேட்டுக்கொண்டே இருந்தேன்.

அதுவும் காதில்தான் தொடங்கியது. 1930களில் ஜெர்மனியின் லோரன்ஸ் நிறுவனம் செய்த முறையில் விமானி ஓடுபாதையைக் காதால் தேடினார். பாதைக்கு ஒரு பக்கம் விலகினால் குறுகிய ஒலிகள் விட்டுவிட்டுக் கேட்கும், மறுபக்கம் விலகினால் நீண்ட ஒலிகள். இரண்டும் ஒன்றோடொன்று பொருந்தி இடைவெளியில்லாத ஒரே ஒலியாகக் கேட்டால் நடுவில் இருக்கிறோம் என்று பொருள். இதை அவன் சொன்னபோது எனக்குப் பங்கர் வாசலில் தலையைச் சாய்த்து நின்ற எங்கள் தாய்மார் ஞாபகம் வந்தார்கள். ஒரே மாதிரி மனிதக் காது, ஒன்று பாதையைத் தேட, மற்றது ஒளிக்க இடம் தேட.

இன்றுள்ள கருவியும் அதன் வாரிசுதான். ஓடுபாதையின் கடைசியில் நிற்கும் அலைக்கம்பங்கள் இரண்டு அதிர்வுகளை விரித்து அனுப்பும். வந்திறங்கும் விமானத்துக்கு இடப்பக்கம் செக்கனுக்கு 90 தடவை, வலப்பக்கம் 150 தடவை. இரண்டும் சரிசமமாக வரும் கோடுதான் ஓடுபாதையின் நடு. ஓடுபாதையின் பக்கத்தில் நிற்கும் இன்னொரு கம்பம் இதே கணக்கை மேலும் கீழுமாகச் செய்யும். அதில் சமமாக வரும் கோடு தரையோடு 3 பாகை சரிவு. ஒரு கிலோமீற்றர் போக ஏறக்குறைய 52 மீற்றர் இறக்கம். காற்றில் கட்டப்பட்ட, கண்ணுக்குத் தெரியாத ஒரு குளக்கட்டு என்று நான் அதை விளங்கிக்கொண்டேன். நடுவில் போனால் பயமில்லை. அந்தக் கட்டை யாரோ ஒவ்வொரு நாளும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

புகார் இன்னும் இறுகினால் 200 அடி என்ற எல்லை 100க்கு வரும். பிறகு அதற்கும் கீழே. அந்த நிலையில் மனிதக் கை போதாது, தானியங்கியே தரைதொட வேண்டும். பாரிஸிலிருந்து லண்டனுக்கு வந்த ட்ரைடென்ட் விமானம் ஒன்று 1965 ஜூன் 10 அன்று பயணிகளோடு தானாகவே மூக்கை நிமிர்த்தித் தரைதொட்டது. லண்டன் புகாருக்குப் பேர்போன ஊர், தேவையும் அங்கேதான் இருந்தது. அந்த விமானத்தில் ஒரே வேலைக்கு மூன்று தானியங்கிகள் வைத்தார்கள். ஒன்று மற்ற இரண்டோடும் முரண்பட்டால் அதை ஒதுக்கிவிட்டு இரண்டும் தொடரும். தரைக்கும் சக்கரத்துக்குமான இடைவெளியை அடிக்கணக்கில் அளந்து சொல்ல வயிற்றுப் பக்கத்தில் ஒரு ரேடியோ உயரமானி. ஒரு நல்ல காலம், புகார் காற்றில்லாத நேரத்தில்தான் பெரும்பாலும் வரும். பலத்த பக்கக் காற்றில் தானியங்கியை நம்ப முடியாது. இரண்டும் ஒன்றாக வந்திருந்தால் இந்த வித்தை இவ்வளவு தூரம் வந்திராது.

இந்தியாவில் தில்லிக்குத்தான் இது தலையாய தேவை. அங்கே மார்கழி, தை மாதங்களில் 50 மீற்றர் பார்வைத் தூரத்திலும் இறங்கும் ஏற்பாடு உண்டு. செக்கனுக்கு 70 மீற்றருக்கு மேல் ஓடும் விமானத்துக்கு 50 மீற்றர் என்பது ஒரு செக்கன்கூட இல்லை. அந்த மீற்றரை அளப்பதும் ஆளின் கண் அல்ல. ஓடுபாதை ஓரத்தில் ஒரு கம்பத்திலிருந்து மற்றதற்கு ஒளியை விட்டு, இடையில் எவ்வளவு தொலைந்தது என்று பார்க்கும் கருவி. பெங்களூரின் தேசிய வான்வெளி ஆய்வகம் ‘திருஷ்டி’ என்ற பெயரில் அதைச் சொந்தமாகவே செய்து இந்திய விமான நிலையங்களில் நிறுத்தியிருக்கிறது.

எனக்குப் புதிதாக இருந்தது ஒன்று. இவ்வளவு கருவி இருந்தும் புகார் நாளில் ஏன் இத்தனை தாமதம்? மற்ற நாட்களில் ஒரு விமானம் ஓடுபாதையை விட்டு விலக விலக அடுத்தது இறங்கும். புகாரில் அப்படி முடியாது. தரையில் நிற்கும் விமானத்தின் உலோக உடம்பே அந்த அலைப்பாதையை வளைத்துவிடும். 2011 நவம்பரில் ஜெர்மனியின் மியூனிக் நகரில் ஒரு பெரிய போயிங் தானியங்கியில் இறங்கிக்கொண்டிருந்தபோது, புறப்பட்டுப் போன இன்னொரு விமானம் ஓடுபாதைக் கடைசியின் அலைக்கம்பங்களுக்கு மேலாகப் பறந்து அலையைக் குழப்பியது. இறங்கிய விமானம் ஓடுபாதையை விட்டுப் புல்லுக்குள் போய்விட்டது. அதனால்தான் கடும் புகாரில் எல்லா விமானங்களையும் தள்ளித் தள்ளி நிறுத்துகிறார்கள், இடைவெளியைக் கூட்டுகிறார்கள். வரிசை நீள்கிறது. ஒருவர் பத்திரமாக இறங்க மற்றவர்கள் எல்லாரும் விலகி, அசையாமல் காத்திருக்கிறார்கள். விமான நிலையத்தில் மணிக்கணக்காகக் காத்திருந்து கரிச்சுக்கொட்டும் நாம் இந்தக் காத்திருப்பை அப்படிப் பார்த்ததே இல்லை.

எங்கள் தீவிலும் பார்வையற்ற இரவுகள் உண்டு. 1974 டிசம்பர் 4 இரவு, இந்தோனேசியாவின் சுரபாயாவிலிருந்து ஹஜ் பயணிகளோடு வந்த மார்ட்டின்எயார் விமானம் கட்டுநாயக்காவில் இறங்க வேண்டும். தாங்கள் நிற்கும் இடத்தைப் பிழையாகக் கணித்த விமானிகள் மலைநாட்டுக்கு மேலேயே தாழ இறங்கினார்கள். மஸ்கெலியாப் பக்கத்துச் சப்த கன்னியர் மலையில் மோதி 191 பேரும் இறந்தார்கள். நாலு வருசம் கழித்து, 1978 நவம்பர் 15 இரவு, ஹஜ் முடித்துத் திரும்பிய இந்தோனேசியப் பயணிகளோடு ஐஸ்லாந்து விமானம் ஒன்று இடிமழைக்குள் கட்டுநாயக்காவை நோக்கி இறங்கியது. ஓடுபாதைக்கு ஏறக்குறைய இரண்டு கிலோமீற்றர் முன்பே தென்னந்தோட்டத்துக்குள் விழுந்தது. 262 பேரில் 183 பேர் போய்விட்டார்கள். விமானிகள் தங்கள் உயரத்தைக் கருவிகளில் சரிபார்த்து இறங்கும் ஒழுங்கைக் கைக்கொள்ளவில்லை என்றது இலங்கை விசாரணை. தரையிலிருந்த கருவிகளிலும் கட்டுப்பாட்டிலும்தான் குறை என்றது ஐஸ்லாந்துத் தரப்பு. அந்த வழக்கைத் தீர்க்க நான் ஆளில்லை. அந்தத் தென்னந்தோட்டத்தை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஐயாவின் சைக்கிள்தான் கண்ணில் நிற்கிறது. மழைக்குள் இறங்கிக்கொண்டிருந்த அந்த விமானி அறையில், இப்போது திரும்புவோம் என்று சொல்ல ஒரு மரம் நின்றிருக்கலாகாதா?

நானும் ஒருதடவை அந்தத் திரும்பலுக்குள் இருந்திருக்கிறேன். கொழும்பிலிருந்து சென்னைக்கு, ஒரு போகி நாள் விடியலில். போகிக்குப் பழையதை எரிக்கும் புகையும் மார்கழிப் பனியும் கலந்தால் சென்னை ஓடுபாதை மறைந்துவிடும் என்பது அப்போது எனக்குத் தெரியாது. 2018 போகியன்று அந்தப் புகை அங்கே விமானப் போக்குவரத்தையே குலைத்துப்போட்டது. பக்கத்து இருக்கையில் முள்ளியவளைப் பக்கத்து அம்மா ஒருவர், கண் சத்திரசிகிச்சைக்குப் போகிறவர். சக்கரம் இறங்கும் சத்தம் கேட்டது. ஜன்னலில் வெள்ளை. இதோ தரை என்று எல்லாரும் இருக்க, திடீரென்று இயந்திரம் அலறியது. முதுகு இருக்கையோடு ஒட்டியது. மூக்கு மேலே எழும்பியது. அந்த அம்மா அதே கணத்தில் குனிந்து, இரண்டு கைகளாலும் பிடரியைப் பொத்தி, முழங்கைகளைக் காதோடு இறுக்கிக்கொண்டார். எத்தனையோ வருசத்துக்குப் பிறகும் உடம்பு அதை மறக்கவில்லை. என் கைகளும் என் தலையில் இருந்ததைப் பிறகுதான் கண்டேன்.

வேறொரு நகரத்தில் இறக்கினார்கள். உள்ளேயே மூன்று மணித்தியாலம். ஓட்டத் தெரியாதவன் என்று பின்னாலிருந்து ஒருவர் விமானியைத் திட்டினார். நானும் மனதுக்குள் திட்டினேன். பன்னிரண்டு வயதில் சைக்கிளின் பின்னால் இருந்து ஐயாவைத் திட்டிய அதே வாயால். இறங்கி வரும்போது கதவடியில் விமானியைக் கண்டேன். சின்ன வயது, கண்ணெல்லாம் களைப்பு. ஒரு வார்த்தை சொல்லாமல் கடந்து வந்துவிட்டேன். அது இன்றைக்கும் உறுத்துகிறது.

மருமகனிடம் கேட்டேன். “திரும்பினால் கம்பனியில் என்ன சொல்லுவாங்கள்?”

“ஒண்டும் சொல்லேலாது மாமா. ஏன் திரும்பினாய் எண்டு கேக்கக் கூடாது. அதுதான் சட்டம். பக்கத்தில இருக்கிறவன் வயசில, பதவியில எவ்வளவு சின்னவனா இருந்தாலும் அவன் ‘திரும்பு’ எண்டால் திரும்பத்தான் வேணும்.” கொஞ்சம் பொறுத்துச் சொன்னான். “எண்டாலும் கஷ்டம். பின்னால இருக்கிற சனம் எல்லாம் வீட்டுக்குப் போற அவதியில. நெல்லுச் சத்தம் மாதிரித்தான்.”

மருதமரம் தெரியவில்லை. ஐயா பார்த்த மரம் இப்போது இல்லை, அதே இடத்தில் இளமரம் ஒன்று நிற்கிறது. அதுவும் தெரியவில்லை. மோட்டார் சைக்கிளைத் திருப்பினோம்.

ஒட்டுசுட்டானுக்கு வந்தபோது எங்கள் ஒழுங்கையில் புகார் அப்படியே நின்றது. தான்தோன்றீஸ்வரர் கோயில் மணி எங்கோ தூரத்தில் கேட்பதுபோல் கேட்டது. முன்வீட்டு ஆச்சி முற்றம் கூட்டிக்கொண்டிருந்தா. மூன்று முறை இடம்பெயர்ந்து, 2009க்குப் பிறகு இதே வளவுக்குத் திரும்பி வந்து, முதலில் பங்கரை மூடி அதன்மேல் செவ்வரத்தை நட்டவ. எங்களைக் கண்டு நிமிர்ந்தவ அப்படியே நின்றா. விளக்குமாறு கையில் தொங்கியது. தலை ஒரு பக்கம் சாய்ந்தது.

பிறகுதான் எங்களுக்கும் கேட்டது. மிக உயரத்தில் வடக்கே போகும் இரைச்சல்.

“ஆக்கள் போற பிளேன் ஆச்சி” என்றான் மருமகன்.

“ஓம், தெரியுது” என்றா. ஆனாலும் இரைச்சல் தேயும்வரை அசையவில்லை. பிறகு வெள்ளைக்குள் அண்ணாந்து பார்த்து, “பாவங்கள், இந்தப் புகாருக்குள்ள எப்பிடி ராசா நிலத்தைக் காணுங்கள்?” என்று கேட்டா.

அந்த விமானம் எங்கேயோ வெயில் அடிக்கும் ஊரில் இறங்கப் போகிறது என்று அவன் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. குந்தியிருந்து, ஆச்சி கூட்டி விட்ட மண்ணில் ஈர்க்கால் நீளமாக ஒரு கோடு கீறினான். இந்தப் பக்கமிருந்து ஒரு சத்தம், அந்தப் பக்கமிருந்து ஒரு சத்தம், இரண்டும் ஒரே அளவாகக் கேட்கும் இடத்தால் வருவோம் என்று மெதுவாகச் சொன்னான். ஆச்சி கோட்டையே பார்த்துக்கொண்டு நின்றா.

“வந்தும் நிலம் தெரியாட்டி?”

“தெரியாட்டித் திரும்பி மேல போயிடுவம் ஆச்சி.”

“அப்ப சரி” என்றா. அவன் எழும்பும்வரை பொறுத்திருந்து, அந்தக் கோட்டை மட்டும் விட்டு மிச்ச முற்றத்தைக் கூட்டத் தொடங்கினா.